பிரிட்ஜ் ஏலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் கேட்பது குறித்த ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். மும்பையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும் தமிழ் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஸ்பேட், ஹார்ட் ஆகிய மேஜர் இனங்களில் தொடங்குபவரிடம் அந்த இனத்தில் ஐந்து சீட்டாவது இருக்கும், ஒரு நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று தொடங்குபவரிடம் 15 முதல் 17 பாயின்ட் இருக்கும் என்ற பரவலான முறையை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: நானும் என் பார்ட்னரும் சேர்த்து 24 பாயின்ட் வைத்துக்கொண்டு நான்கு ஸ்பேட் (ஸ்பேடைத் துருப்பாக்கிப் பத்து டிரிக், அதாவது பத்துச் சுற்று, வெல்வோம் என்ற ஏலம்) கேட்டோம், விழுந்துவிட்டது. அதே மாலையில் எதிரணியினர் வேறொரு கையில் வெறும் 21 பாயின்டை வைத்து நான்கு ஸ்பேட் கேட்டு, பத்து டிரிக்கும் எடுத்தார்கள். பாயின்ட் கணக்கே பயனற்றதா? (செம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

பதில்: பயனற்றது அல்ல; ஆனால் அது எதை அளக்கிறது என்பதை மறந்தால் ஏமாற்றிவிடும். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கட்டு முழுவதற்கும் 40 பாயின்ட் வருகிறது. இருவர் கையும் சமமாகப் பிரிந்து நோ டிரம்ப் ஆடும்போது இந்தக் கணக்கை நன்றாக நம்பலாம்; இருவருக்கும் சேர்த்து 25 இருந்தால் மூன்று நோ டிரம்ப் பெரும்பாலும் தேறிவிடும். துருப்பு வைத்து ஆடும்போது அதே கணக்கு ஏஸையும் கிங்கையும் சற்றுக் குறைவாகவும், குயினையும் ஜாக்கையும் சற்று அதிகமாகவும் மதிப்பிடுகிறது. துருப்பின் நீளத்தையும் பிற இனங்களில் உள்ள குறைச்சலையும் அது பார்ப்பதே இல்லை.

உங்கள் கடிதத்தில் சீட்டு விவரம் இல்லாததால் நானே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பார்ட்னர் ஒரு ஸ்பேட் என்று தொடங்குகிறார். அவர் கையில் ஸ்பேட் ஏஸ், குயின், ஜாக், 6, 3. ஹார்ட் ஏஸ், 8, 5, 2. டைமண்ட் 8, 4. கிளப் கிங், 5. மொத்தம் 14 பாயின்ட். உங்களிடம் ஸ்பேட் கிங், 7, 4. ஹார்ட் குயின், ஜாக், 6. டைமண்ட் குயின், ஜாக், 5. கிளப் ஜாக், 8, 6, 2 என்று 10 பாயின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 24. ஆனால் டைமண்டில் ஏஸும் கிங்கும் கண்டிப்பாகப் போகும். கிளப்பில் ஒன்று போகும், இரண்டாகவும் ஆகலாம். ஹார்ட் கிங்கும் எதிரிகளிடம் இருக்கிறது. ஹார்ட் கிங், கிளப் ஏஸ் இரண்டும் ஆடுபவரின் வலப்பக்கத்து எதிராளியிடம் அகப்பட்டால்தான் பத்து டிரிக் பற்றிப் பேச முடியும்.

இப்போது பார்ட்னரின் கையை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் கையை மட்டும் மாற்றுங்கள்: ஸ்பேட் கிங், 8, 7, 4, ஹார்ட் 6 மட்டும், டைமண்ட் ஏஸ், 9, 5, 3, 2, கிளப் 8, 6, 2. இதில் 7 பாயின்ட்தான், கூட்டுத்தொகை 21. ஆனாலும் ஹார்ட் ஏஸை எடுத்தபின் மீதி மூன்று ஹார்ட்டுகளையும் உங்கள் கைத் துருப்பால் வெட்டலாம். பார்ட்னரின் ஐந்து துருப்பு, உங்கள் கையில் மூன்று வெட்டு, இரண்டு ஏஸ் என்று பத்து டிரிக் வருகிறது. எதிரிகள் துருப்பையே திரும்பத் திரும்ப இறக்கினால் ஒரு வெட்டு குறையலாம். அப்போதும் கிளப் கிங் கைகொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. மூன்று பாயின்ட் குறைந்த கை மூன்று பாயின்ட் அதிகமுள்ள கையைவிட மேலானது என்பதை இந்த இரண்டையும் மேஜைமேல் விரித்து ஒருமுறை ஆடிப் பார்த்தால் ஐயமில்லாமல் உணர்வீர்கள். அப்படி விரித்துப் பார்க்கும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். படிப்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீட்டைக் கையில் எடுத்தவுடன் எண்ணிய எண்ணிக்கை ஏலம் முடியும்வரை அப்படியே நிற்பதில்லை. உங்களிடம் ஹார்ட் கிங்கும் ஒரு சிறு சீட்டும் இருக்கையில் வலப்பக்கத்து எதிராளி ஹார்ட் கேட்டால், ஏஸ் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். உங்கள் கிங் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அதன் மதிப்பு உயர்ந்துவிட்டது. அதே ஹார்ட்டை இடப்பக்கத்து எதிராளி கேட்டிருந்தால் அந்தக் கிங்கை மூன்று பாயின்ட் என்று எண்ணுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். பார்ட்னர் தனக்கு ஓர் இனத்தில் ஒரே சீட்டுதான் என்று காட்டிவிட்டால், அந்த இனத்தில் உங்களிடம் உள்ள குயினும் ஜாக்கும் வீண். அங்கே உங்களுக்கு மூன்று, நான்கு சிறு சீட்டுகள் மட்டும் இருந்தால் பாயின்ட் முழுவதும் பயன்படும் இடத்தில் இருக்கிறது என்று மகிழலாம். ஒவ்வொரு சுற்றிலும், “இப்போது கேட்டதால் என் கை ஏறியதா, இறங்கியதா?” என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பாயின்ட் கணக்கு உங்களுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

கேள்வி: டோம்பிவிலியிலிருந்து வி.டி. (இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை ரயிலில் நண்பர்களுடன் பல ஆண்டுகளாக இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடியவன் நான். பிரிட்ஜுக்கு வந்தபின் என் ஏலம் எப்போதும் அவசரமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல கை வந்தால் உடனே உயரக் கேட்பதில் என்ன தவறு? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: இருபத்தெட்டில் உங்கள் கைப்பலத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறீர்கள், துருப்பைக் கவிழ்த்து மறைத்தும் வைக்கிறீர்கள். ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2 என்று எடுக்க வேண்டிய பாயின்ட் மட்டுமே அங்கே பேச்சு. பிரிட்ஜில் ஏலத்தின் பெரும்பகுதி, இருவர் கையும் எங்கே பொருந்துகிறது என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வதற்காகவே இருக்கிறது. அந்த உரையாடலுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு: ஒரு கிளப்பிலிருந்து ஏழு நோ டிரம்ப் வரை மொத்தம் 35 படிகள்தாம். தாவிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படிகளில் சிலவற்றை நீங்களே எரித்துவிடுகிறீர்கள்.

ஆகவே வலுவான கைக்கு நிதானமும், வலுக்குறைந்த நீளக் கைக்கு வேகமும் உரியவை. பார்ட்னர் ஒரு ஸ்பேட் என்கிறார். உங்களிடம் நான்கு ஸ்பேடும் 16 பாயின்டும் இருக்கின்றன. நேரே நான்கு ஸ்பேட் என்று தாவினால், ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று டிரிக் எடுக்கும் ஏலம்) இருக்கிறதா என்று பார்க்கும் வழி அங்கேயே அடைபட்டுப்போகிறது. ஏனெனில் அந்தத் தாவலைப் பெரும்பாலான பார்ட்னர்கள், “ஐந்து துருப்பு, ஒரு தனிச்சீட்டு, பாயின்ட் மிகக் குறைவு” என்றே புரிந்துகொள்வார்கள். உங்களுக்குள் உடன்பாடு இருந்தால் இரண்டு நோ டிரம்ப் என்று சொல்லி, கேமுக்கு (நான்கு ஸ்பேட், மூன்று நோ டிரம்ப் போன்று கூடுதல் மதிப்பெண் தரும் ஏலத்துக்கு) குறையாத பலமும் நான்கு துருப்பும் இருப்பதைத் தெரிவிக்கலாம். இல்லையெனில் வேறோர் இனத்தைக் கேட்டுவிட்டு அடுத்த சுற்றில் ஸ்பேடுக்கு வரலாம். 6 பாயின்டும் ஐந்து ஸ்பேடும் ஒரு தனி ஹார்ட்டும் உள்ள கையில் அதே நான்கு ஸ்பேட் மிக நல்ல ஏலம், ஏனெனில் எதிரிகள் தங்கள் ஹார்ட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே அவர்களுடைய படிகளை நீங்கள் எரித்துவிட்டீர்கள்.

கேட்டால்தான் கேமுக்குரிய மதிப்பெண் என்ற விதி, 1925இல் அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்த மதிப்பெண் முறையோடு நிலைபெற்றது. அதற்கு முந்தைய ஆக்ஷன் பிரிட்ஜில் கேட்காமல் எடுத்த டிரிக்கும் கேம் கணக்கில் சேர்ந்தது; அதனால் ஏலத்தில் தாழ்வாக நின்றுவிட்டாலும் நட்டமில்லை. இன்று ஏலத்தில் இவ்வளவு கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் அந்த மாற்றம்தான்.

கேள்வி: என் மாமனாரும் நானும் பார்ட்னர்கள். அணிப் போட்டி ஒன்றில் அவர் ஒரு நோ டிரம்ப் என்று தொடங்கினார். என்னிடம் ஐந்து ஸ்பேடும் 4 பாயின்டும் இருந்தன. டிரான்ஸ்பர் முறைப்படி (நம் நீள இனத்துக்கு ஒரு படி கீழுள்ள இனத்தைக் கேட்டு, நம் இனத்தைப் பார்ட்னரைச் சொல்ல வைப்பது) இரண்டு ஹார்ட் என்றேன், அவர் இரண்டு ஸ்பேட் என்றார், நான் பாஸ். அடுத்து எதிரி மூன்று டைமண்ட் என்றதும், தம்மிடம் 17 பாயின்டும் மூன்று ஸ்பேடும் இருப்பதாக எண்ணி மாமனார் மூன்று ஸ்பேட் கேட்டுவிட்டார். நாங்கள் வல்னரபிள் (கேமின் லாபமும் தோற்றால் நட்டமும் கூடும் நிலை). டபுள் செய்தார்கள் (தேறாது என்று சொல்லி மதிப்பெண்ணைப் பெருக்குவது), இரண்டு டிரிக் குறைந்து 500 போயிற்று. அடுத்த மேஜையில் அதே சீட்டில் மூன்று டைமண்ட் சரியாக ஒன்பது டிரிக்கோடு முடிந்தது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? எழுபதைக் கடந்தவர், இனி மாறுவாரா? (மாட்டுங்கா வாசகி)

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான். மூன்று டைமண்ட் என்றால் எதிரிகளுக்கு 110. நீங்கள் கொடுத்ததோ 500. வித்தியாசம் 390, அதாவது 9 இம்ப் (அணிப் போட்டியில் மதிப்பெண் வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் அலகு). ஒரு கையில் 9 இம்ப் போவது அணிப் போட்டியில் சிறிய விஷயம் அல்ல. ஆனால் உங்கள் மாமனார் செய்த பிழை துணிச்சலைப் பற்றியது அன்று. தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதைப் பற்றியது.

ஒரு நோ டிரம்ப் என்று சொன்ன கணத்தில் அவர் தம் கையை ஏறக்குறைய முழுவதுமாக விவரித்துவிட்டார்: 15 முதல் 17 பாயின்ட், சமமாகப் பிரிந்த கை. அவருடைய கை உங்களுக்குத் தெரியும். உங்கள் கை அவருக்குத் தெரியாது. ஆகவே எவ்வளவு உயரம் போவது, எங்கே நிற்பது, எதிரிகள் உள்ளே வந்தால் டபுள் செய்வதா விடுவதா என்ற எல்லாமே அப்போதிலிருந்து உங்கள் பொறுப்பு. இரண்டு ஸ்பேடில் நீங்கள் பாஸ் செய்தது, “நம்மிடம் கேம் இல்லை, இங்கேயே நிற்போம்” என்ற முடிவு. அவருடைய 17 பாயின்ட் உங்களுக்குப் புதிய செய்தி அல்ல; அந்த எல்லைக்குள் எது இருந்தாலும் சரி என்று எண்ணித்தான் பாஸ் செய்தீர்கள். ஏற்கெனவே சொன்ன பலத்தையே மீண்டும் ஒருமுறை சொல்வதற்காக ஏலத்தை உயர்த்துவதுதான், அனுபவமுள்ள ஆட்டக்காரர்களிடமும் நான் அடிக்கடி காணும் பிழை.

ஒரு விலக்கு உண்டு. அவரிடம் நான்கு ஸ்பேட் இருந்திருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒன்பது துருப்பு ஆகிறது. ஜான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1969இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய கருத்து ஒன்று உண்டு: துருப்பு எத்தனையோ அத்தனை டிரிக் வரை போட்டி ஏலத்தில் போவது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஒன்பது துருப்புக்கு மூன்று ஸ்பேட் வரை. நான்கு ஸ்பேடோடு 17 பாயின்டும் இருந்தால், டிரான்ஸ்பருக்குப் பதில் சொல்லும்போதே மூன்று ஸ்பேட் என்று தாவி அதை அறிவிக்க வேண்டும் என்பதும் பலர் வைத்துக்கொள்ளும் உடன்பாடு. மூன்று ஸ்பேட் மட்டும் இருந்ததால் துருப்பு எட்டுதான். எட்டுத் துருப்போடு மூன்றாவது மட்டத்துக்குப் போகும் கட்டாயம் அவருக்கு இல்லை.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். ஆட்ட மேஜையில் சொல்லாதீர்கள். எதிரிகள் முன்னால் பெரியவரைத் திருத்துவது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. வீட்டுக்கு வந்தபின், மதிப்பெண் தாளை ஓரம் வைத்துவிட்டு, “மாமா, இரண்டு ஸ்பேடில் நான் பாஸ் சொன்னபோது என்னிடம் எத்தனை பாயின்ட் இருக்கும் என்று நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் அநேகமாக “ஏழுக்குள்” என்று சொல்வார். “என்னிடம் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா?” என்று அடுத்ததாகக் கேட்டால், மீதியை அவரே சொல்லிவிடுவார். வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல்முறையாக இடம்பெற்றபோது, ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. பார்ட்னர்கள் பேசித் திருத்திக்கொள்ள வயது தடையாக இருக்கும் ஆட்டமல்ல இது.

கேள்வி: கேம் கேட்கலாமா, கீழேயே நின்றுவிடலாமா என்று இரண்டு மனமாக இருக்கும்போது எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் கேட்க வேண்டும்? கணக்காகச் சொல்ல முடியுமா? (முலுண்டிலிருந்து, மென்பொருள் பொறியாளர்)

பதில்: முடியும். அணிப் போட்டியில் வல்னரபிளாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்பேட் கேட்டுப் பத்து டிரிக் எடுத்தால் 620. கீழே நின்று பத்து எடுத்தால் 170. வித்தியாசம் 450, அதற்கு 10 இம்ப். கேட்டு ஒரு டிரிக் குறைந்தால் 100 நட்டம். கீழே நின்றிருந்தால் ஒன்பது டிரிக்குக்கு 140 கிடைத்திருக்கும். வித்தியாசம் 240, அதற்கு 6 இம்ப். பத்தைப் பெற ஆறைப் பணயம் வைக்கிறீர்கள், எனவே 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேட்டுவிடலாம். வல்னரபிள் இல்லாதபோது லாபம் 6 இம்ப், நட்டம் 5 இம்ப். அப்போது 45 சதவீதம் தேவை.

வெற்றி ஒரே ஒரு பினெஸைப் (எதிரியின் பெரிய சீட்டு குறிப்பிட்ட பக்கத்தில் இருக்கும் என்று நம்பி ஆடுவது) பொறுத்தது என்றால் வாய்ப்பு 50. ஆகவே அணிப் போட்டியில் இரண்டு நிலையிலும் கேட்க வேண்டும். எதிரிகளிடம் உள்ள ஐந்து சீட்டு மூன்று-இரண்டாகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு உண்டு. ஆறு சீட்டு மூன்று-மூன்றாகப் பிரிய 36 சதவீதம்தான். வல்னரபிளாக இருந்தாலும் அது ஏறக்குறைய எல்லைக்கோடு. மேஜையில் உட்கார்ந்து இவ்வளவு நுட்பமாக எவராலும் அளக்க முடியாது என்பது உண்மை; அளக்க வேண்டியதும் இல்லை. வல்னரபிள் என்றால் ஐயத்துக்குரிய கேமைக் கேட்டுவிடுங்கள் என்ற ஒரே வாக்கியத்தில் இந்தக் கணக்கின் சாரம் அடங்கிவிடுகிறது. ஆனால் டபுள் செய்யப்பட்டு இரண்டு மூன்று டிரிக் குறையக்கூடிய கை என்றால் இந்தக் கணக்குச் செல்லாது. துருப்பு மோசமாகப் பிரிந்திருப்பதை ஏலமே காட்டும்போது நின்றுவிடுங்கள்.

ஸ்லாமுக்கு இந்தச் சலுகை கிடையாது. வல்னரபிளாக ஆறு ஸ்பேட் தேறினால் 1430, நான்கில் நின்று பன்னிரண்டு எடுத்தால் 680, வித்தியாசம் 750. ஆறு கேட்டு ஒன்று குறைந்தால் 100 நட்டம், நான்கில் நின்றிருந்தால் 650. மறுபடியும் வித்தியாசம் 750. இரண்டுக்கும் 13 இம்ப். சரிபாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் மட்டுமே கேளுங்கள். ஜோடிப் போட்டியில் எவ்வளவு வித்தியாசம் என்பது முக்கியமல்ல, மற்றவர்களை முந்தினீர்களா என்பதே கேள்வி. ஆகவே அங்கே கேமுக்கும் பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டும்.

கேள்வி: எதிரிகள் நான்கு ஹார்ட் கேட்டார்கள். என் பார்ட்னர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுப் பாஸ் செய்தார். அவரிடம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு நான் நான்கு ஸ்பேட் கேட்டேன், தேறியது. எதிரிகள் நடுவரை அழைத்தார்கள். அவர் மதிப்பெண்ணை மாற்றிவிட்டார். நான் செய்தது தவறா? (வாஷி வாசகர்)

பதில்: நடுவர் செய்தது சரி. பார்ட்னரின் யோசனை நேரம், முகபாவம், சீட்டை வைக்கும் விதம் ஆகிய எதுவும் ஏலத்தின் பகுதி அல்ல. அனுமதியற்ற தகவலைப் பற்றிய 16ஆம் விதி, பார்ட்னரின் தயக்கம் சுட்டிக்காட்டும் வழியை, அதற்கு மாற்றாக நியாயமான வேறு வழி இருக்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. யோசிப்பது குற்றமல்ல; பார்ட்னர் தாராளமாக யோசிக்கலாம். அந்த யோசனையிலிருந்து பயன்பெறுவதுதான் கூடாது. உங்கள் கையை மட்டும் பார்த்து, எவரும் பாஸ் செய்ய நினைக்கவே மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய அளவுக்கு நான்கு ஸ்பேட் தெளிவாக இருந்ததா? கடிதத்தில், “அவரிடம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே விடை இருக்கிறது. இத்தகைய தருணத்தில், பார்ட்னர் உடனே பாஸ் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணி, அதையே செய்யுங்கள். இந்த விதியை மனமார மதிப்பவர்களோடு ஆடுவதில்தான் பிரிட்ஜின் முழு இன்பமும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எதிரிகளின் கேம் தேறிவிடும் என்று தெரிந்தால், நாம் தோற்போம் என்று அறிந்தே உயரக் கேட்பது எப்போது லாபம்? (நேருல் வாசகர்)

பதில்: எதிரிகளின் நான்கு ஹார்ட்டுக்கு எதிராக நீங்கள் நான்கு ஸ்பேட் கேட்டு டபுள் செய்யப்படுவதாகக் கொள்வோம். அவர்கள் வல்னரபிள், நீங்கள் இல்லை என்றால் அவர்களுக்கு 620. உங்களுக்கு மூன்று டிரிக் குறைந்தாலும் 500தான் நட்டம், லாபமே. இருவரும் வல்னரபிள் என்றால் இரண்டு டிரிக் குறைந்தால் 500, மூன்றானால் 800. ஆகவே இரண்டுக்கு மேல் கூடாது. இருவருமே வல்னரபிள் இல்லையென்றால் அவர்களுக்கு 420. இரண்டு குறைந்தால் 300 என்பது லாபம், மூன்று குறைந்து 500 என்பது நட்டம். நீங்கள் மட்டும் வல்னரபிள் என்றால் ஒரு டிரிக் குறைந்தால் 200, இரண்டானால் 500. அந்த நிலையில் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுடைய கேம் உண்மையில் தேறுமா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்: உங்களிடம் எதிரிகளின் துருப்பில் ஒரு நிச்சய டிரிக்கும் வெளியில் ஓர் ஏஸும் இருந்தால், அவர்களை ஆடவிடுவதே மேல்.

கேள்வி: மூன்று பேரும் பாஸ் செய்து என் முறை வருகிறது. 11 பாயின்ட் இருக்கிறது. தொடங்கலாமா? (சயான் வாசகி)

பதில்: பாயின்டோடு கையில் உள்ள ஸ்பேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், 15 வந்தால் தொடங்குங்கள், வராவிட்டால் நீங்களும் பாஸ் செய்யுங்கள். நான்கு பேரிடமும் பலம் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும்போது, ஸ்பேட் வைத்திருப்பவர் அதே மட்டத்தில் மற்றவர்களை விஞ்சிவிடுவார் என்பதே காரணம். 11 பாயின்டும் நான்கு ஸ்பேடும் என்றால் தொடங்கலாம். 11 பாயின்டும் ஒற்றை ஸ்பேடும் என்றால் சீட்டைத் திரும்ப போர்டில் (நால்வர் சீட்டையும் வைக்கும் தட்டு) செருகிவிட்டு அடுத்த போர்டை எடுங்கள்.